மாரிசெல்வி ஒப்படைக்கப்பட்டாள்

மாடத்தி தன் மகளை அடித்துக்கொண்டிருந்தாள்.

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பஸ். முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் குனிந்திருந்தாள் மகள். அவள் முதுகில் இரண்டு உள்ளங்கைகளையும் குழித்து வைத்துக்கொண்டு, தபதபவென்று, நிறுத்தாமல். இடது விலாவை முடித்து வலது விலாவுக்கு வந்தபோது பஸ் திருத்தங்கலைத் தாண்டியிருந்தது.

கண்டக்டருக்கு மனசு கேட்கவில்லை.

"ஏம்மா, வளந்த பிள்ளைய பஸ்ல வச்சா அடிப்பீக? என்ன தப்பு செஞ்சிருந்தாலும் வீட்ல வச்சுப் பேசக்கூடாதா?"

"தப்பெல்லாம் செய்யல. சளி."

"சளிக்கா இம்புட்டு அடி?"

"காலையில அடிக்க நேரமில்லாமப் போச்சு. பத்து மணிக்குள்ள ஆஸ்பத்திரியில நிக்கணும். இன்னைக்கு இவளுக்கு விழா."

பின் சீட்டுப் பெண்மணி எட்டிப் பார்த்தாள். "அப்படியே எங்க வீட்டுப் பயலுக்கும் நாலு போட்டு விடுத்தா. அவன் சளியில்லாமலே ஆடுறான்."

குனிந்திருந்த மாரிசெல்வி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமலில் சளி கழன்று வந்தது. மூடிபோட்ட டப்பாவில் துப்பி மூடினாள். மாடத்திக்கு முகம் மலர்ந்தது. பிள்ளை பாஸான தாய்க்கு வருகிற மலர்ச்சி.

மாரிசெல்விக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். மற்றவர்களுக்குத் தண்ணீராக இருக்கிற சளி இவளுக்குப் பசையாக நுரையீரலில் ஒட்டிக்கொள்ளும். தினமும் தட்டி இளக்கி வெளியேற்ற வேண்டும். கணையத்திலும் அதே பசை. அதனால் ஒவ்வொரு வேளை சோற்றோடும் செரிமான மாத்திரை விழுங்க வேண்டும். விழுங்காவிட்டால் தின்றது தின்றபடி போய்விடும், உடம்பு உருகிவிடும். அந்த மாத்திரையை இத்தனை வருஷமும் இலவசமாகக் கொடுத்துவந்தது பொன்னுத்தங்கம் அம்மாள் நினைவு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு. வெளியே வாங்குவதென்றால், விஸ்வநத்தம் பட்டாசு ஆலையில் மாடத்தி வாங்குகிற கூலி மாத்திரைக்கே பத்தாது.

இன்று மாரிசெல்விக்குப் பதினெட்டு முடிந்தது. இன்று முதல் அவள் குழந்தை இல்லை. பையிலிருந்த மாத்திரை டப்பாவில் பாதிதான் மிச்சம்.

விழா மண்டபத்தில் பேனர் கட்டியிருந்தார்கள். "குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு: பத்தாவது ஒப்படைப்பு விழா." ஒருங்கிணைப்பாளர் ஆர்த்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். ஆறு மாதமாக மாரிசெல்விக்கு 'எனக்காக நானே பேசுவேன்' என்ற வகுப்பு எடுத்தவள் அவள்தான்.

"அம்மா, மாரிசெல்வி இன்னைக்கு எப்படி உணர்றாங்க?" என்று ஆர்த்தி மாடத்தியிடம் கேட்டாள்.

"நான் நல்லாருக்கேன்" என்றாள் மாரிசெல்வி.

"அம்மா பேசி முடிக்கட்டும் மாரிசெல்வி. அப்புறம் உங்களுக்காக நீங்க பேசலாம்."

மேடையில் தாம்பாளம். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், அவற்றின் நடுவில் மாரிசெல்வியின் ஃபைல். குழந்தைகள் பிரிவு டாக்டர் ராம்குமார் அதைப் பெரியவர்கள் பிரிவு டாக்டர் பாலகுருவின் கையில் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பாலகுரு வரவில்லை. ஒன்பது விழாவுக்கும் அவர் வந்ததில்லை. வழக்கம்போல அவருடைய நாற்காலிக்குப் பொன்னாடை போர்த்தி, தாம்பாளத்தை அதன்மேல் வைத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அறக்கட்டளைத் தலைவர் லட்சுமிகாந்தம் மைக்கைப் பிடித்தார். சிவகாசியில் காலண்டர் அச்சகம், பட்டாசு ஆலை, இரண்டும் உள்ளவர். மருத்துவமனை அவருடைய தாயார் பேரில் இருந்தது.

"எங்கம்மா பேர்ல இந்தக் குழந்தைக வார்டைக் கட்டும்போது டாக்டர்மாரைக் கேட்டேன். இந்த வியாதி உள்ள பிள்ளைக ரொம்ப நாள் இருக்காதுன்னாங்க. அதை நம்பித்தான் இதுகளுக்குப் பெரியவங்க வார்டுன்னு ஒண்ணு கட்டாம விட்டேன். ஆனா பாருங்க, இதுக பிடிவாதமா இருந்துட்டுதுக. நம்ம வைத்தியம் இம்புட்டு நல்லா இருந்துட்டா அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?"

கைதட்டல்.

"கட்டடம் கட்டுறது யாருக்கும் முடியும். விழா எடுக்கத்தான் மனசு வேணும். ஒன்பது பேரை ஒப்படைச்சிருக்கோம். ஒருத்தர்கூடத் திரும்பி வந்து குறைன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. முதல்ல ஒப்படைச்ச பையன் கதிரவன், ஆறு வருஷமா நம்ம காலண்டர்ல சிரிக்கிறான்."

சுவரில் மருத்துவமனைக் காலண்டர் தொங்கியது. அதில் ஒரு வாலிபன், கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டு. 'வெற்றிகரமாக ஒப்படைக்கப்பட்ட முதல் பயனாளி.' வருஷா வருஷம் புதுப் படம் போடுவார்கள். வருஷத்துக்கு வருஷம் மீசை அடர்த்தியாகிக்கொண்டு வந்தது.

"நல்லாத்தான இருக்கான் டாக்டர்?" என்றார் தலைவர்.

ராம்குமார் மின்விசிறியைப் பார்த்தார். "இருக்கான் சார்."

மேடையோரம் நின்ற நர்ஸ் கற்பகவல்லியின் கையிலிருந்து குங்குமச் சிமிழ் கீழே விழுந்து உருண்டது. மாரிசெல்வி நர்ஸின் முகத்தையே பார்த்தாள்.

தலைவர் முடிக்கிற மாதிரி இல்லை. "இன்னொரு சந்தோஷமான சேதி. நம்ம வட்டாரத்துல எட்டு வயசுப் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த வியாதி வருஷா வருஷம் கூடிக்கிட்டே போகுது. கணக்கு சொல்லுது. ஏன் எட்டு வயசுல வருது? தண்ணியா, காத்தா, பள்ளிக்கூடமா? கண்டுபிடிக்காம விடமாட்டேன். எட்டு வயதுக் குழந்தைகள் ஆராய்ச்சி மையத்துக்கு அடுத்த மாசம் அடிக்கல்."

ராம்குமார் இன்னமும் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது சுற்றவில்லை.

விழா முடிந்ததும் மாரிசெல்வி ஆர்த்தியை மறித்தாள். "கதிரவன் அண்ணன நான் ஒருதடவ பாக்கலாமா? பெரியவங்க பிரிவுல மாத்திரை எப்படி வாங்குறாகன்னு கேக்கணும்."

"இந்த வியாதி உள்ளவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்கக் கூடாது மாரிசெல்வி. ஒருத்தர் நெஞ்சுல இருக்கிற கிருமி இன்னொருத்தருக்குத் தொத்தும். அதனாலதானே உங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நாள்."

அந்த விதி நியாயமானதுதான். மருத்துவமனையிலிருந்த ஒரே நியாயமான விதி அதுதான் என்பதால், பதில் தெரியாத எல்லாக் கேள்விக்கும் அதையே சொன்னார்கள்.

பெரியவர்கள் பிரிவு சாலைக்கு எதிர்ப்புறம். பட்டாசு ஆலை, அச்சக முதலாளிகள் சேர்ந்து தொழிலாளர்களுக்காகக் கட்டிய நெஞ்சுநோய்ப் பிரிவு. ஜன்னலில் இருந்தவர் தலையைத் தூக்கவில்லை.

"எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்ல. வியாதி."

"வியாதி அப்புறம். உன் பேர்ல கம்பெனி சீட்டு இருக்கா? அம்மா சீட்டு பதினெட்டு முடிஞ்ச பிள்ளைக்குச் செல்லாது."

"இன்னைக்குத்தான் என்னைய ஒப்படைச்சாக. தாம்பாளத்துல வச்சு."

"சரி, டாக்டரையே கேளு. அம்மா வெளிய நிக்கட்டும். பெரியவங்க பிரிவுக்குப் பெரியவங்க தனியாத்தான் வரணும்."

உள்ளே டாக்டர் பாலகுரு சோகமான மனிதர். ஃபைலைத் திறந்தார், மூடினார்.

"கூடப் பெரியவங்க யாரும் வரலையாம்மா?"

"நான்தான் சார் பெரியவ. காலையிலேர்ந்து."

"இந்த வியாதி குழந்தைகளுக்குத்தான் வரும். உனக்கு வயசு என்ன, பதினெட்டு. அப்ப உனக்கு இருக்க முடியாது. எனக்குத் தெரிஞ்ச இருமல் மூணு. டிபி, ஆஸ்துமா, பீடி. நீ பீடி குடிக்கிறியா?"

"இல்ல சார்."

"ஆரம்பிச்சா வா" என்று சொல்ல நினைத்தவர்போல ஒரு கணம் அவளைப் பார்த்தார். சொல்லவில்லை. "கம்பெனி சீட்டு கொண்டா. சீட்டு இருந்தா வியாதியைப் பத்திப் படிச்சாவது பாக்குறேன்."

சாலையைக் குறுக்கே கடந்து மறுபடி குழந்தைகள் பிரிவு. ஆர்த்தி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். மாரிசெல்வியின் பேருக்கு எதிரே பச்சை விளக்கு எரிந்தது.

"வெற்றிகரமா ஒப்படைச்சாச்சுன்னு வந்திருச்சு. எவ்வளவு அழகா முடிஞ்சிருக்கு பாருங்க. இதை எதுக்கு நீங்க கெடுக்கணும்?"

"மாத்திரை தீந்திரும்க்கா."

"கவலையை நீங்களே எடுத்துச் சொல்றீங்க. வகுப்புல சொல்லிக்கொடுத்தது வீண்போகலை" என்று ஆர்த்தி நெகிழ்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கம்பெனி சீட்டுதானே? சேர்மனோட காலண்டர் அச்சகத்துல இப்ப சீசன். ஆள் எடுக்கிறாங்க."

மறுநாள் மாடத்தி ஆலை வேனை விட்டுவிட்டு மகளோடு அச்சகத்துக்குப் போனாள். சூப்பர்வைசர் செல்லப்பாண்டி அவசரத்தில் இருந்தார். தீபாவளி முடிந்ததும் நாடெங்கும் காலண்டர் போக வேண்டும். லோடு லோடாக ஆர்டர் நின்றது.

"வேலை கஷ்டமில்ல. சாமி பட அட்டையில தேதிக்கட்டை ஒட்டணும், அம்புட்டுத்தான். ஆமா, பிள்ளை என்னமோ இருமுற மாதிரி இருக்கே?"

"சும்மா தூசி" என்றாள் மாடத்தி.

"முருகன் படத்து மேல இருமினா வாங்குறவன் வாங்குவானா? ஒரு வியாதியும் இல்லைன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அன்னைக்கே வேலை."

வெளியே வந்ததும் மாடத்தி சாக்கடைத் திண்டில் உட்கார்ந்துவிட்டாள். "வியாதி இருந்தா வேலை இல்லைங்கான். வேலை இல்லைன்னா வியாதியைப் பாக்க மாட்டேங்கான். எந்தக் கதவுல போய் முட்ட?"

"எந்திரிம்மா. பாலகுரு சார்கிட்டயே கேப்போம்."

பாலகுரு அன்றைக்குத்தான் முதன்முதலாக உற்சாகமாக இருந்தார். அவளுக்கு டிபி இல்லை, ஆஸ்துமா இல்லை, பீடியும் இல்லை. தனக்குத் தெரிந்த எந்த நோயும் இல்லாத ஒருத்தியை அவர் வெகுகாலமாகப் பார்க்கவில்லை. பூரண ஆரோக்கியம் என்று மனப்பூர்வமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மாரிசெல்விக்கு வேலை கிடைத்தது. கம்பெனி சீட்டு கிடைத்தது. சீட்டோடு பெரியவர்கள் பிரிவு ஜன்னலுக்கு ஓடினாள். ஜன்னல்காரர் சீட்டைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், முதல்முறையாக அவள் முகத்தையும் பார்த்தார்.

"உனக்குத்தான் ஒண்ணுமே இல்லைன்னு எங்க டாக்டரே குடுத்திருக்காரே. நல்லாருக்க பிள்ளைக்கு எதுக்கு வைத்தியம்?"

சேதி அன்று சாயங்காலமே லட்சுமிகாந்தம் காதுக்குப் போய்விட்டது. ஒப்படைத்தவுடனேயே குணமான முதல் பயனாளி. வருகிற வருஷக் காலண்டர் அச்சில் ஏறிவிட்டதால், அதற்கடுத்த காலண்டரில் கதிரவனுக்குப் பக்கத்தில் மாரிசெல்வி படத்தையும் போடச் சொல்லி அச்சகத்துக்கு உத்தரவு வந்தது.

மாரிசெல்வி மாத்திரையை மிச்சம் பிடித்தாள். மாத்திரை இல்லாமல் சோறு தின்று புண்ணியமில்லை என்பதால் சோற்றையும் மிச்சம் பிடித்தாள். மூன்று வேளை இரண்டானது, இரண்டு ஒன்றானது. பாவாடைக் கொக்கியை இரண்டு முறை உள்ளே தள்ளித் தைத்தாள் மாடத்தி. டப்பாவை ஆட்டினால் இப்போது கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் வந்தது.

கதிரவன் விஷயம் அவளைத் தூங்கவிடவில்லை. அச்சகத்தில் வருகிற போகிற ஆட்களிடமெல்லாம் விசாரித்தாள். சாத்தூர்ப் பக்கம் என்றார் ஒருவர். அந்தக் குடும்பமே ஊரைவிட்டுப் போய்விட்டது என்றார் இன்னொருவர். "படத்துல போடுற ஆளைத் தேடக்கூடாதுத்தா" என்றாள் பக்கத்தில் தேதி ஒட்டுகிற அக்கா. "எங்க மாமனாரையும் அப்படித்தான் வருஷா வருஷம் பேப்பர்ல போடுறோம்."

மாரிசெல்வி தேதிக்கட்டையைக் கோணலாக ஒட்டினாள். நாற்காலிக்குப் பொன்னாடை போர்த்துகிறவர்கள், இல்லாதவனுக்கு மீசை வரைய மாட்டார்களா?

அன்று மத்தியானம் ஒட்டுகிற பசை தீர்ந்துபோய், கட்டிங் பிரிவுக்கு வாங்கப் போனாள். மெஷினில் மருத்துவமனைக் காலண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஓரம் வெட்டாத பெரிய ஷீட்டுகள் அடுக்கியிருந்தன. மேல் ஷீட்டில் கதிரவன், கட்டைவிரலை உயர்த்தியபடி.

அவள் இதுவரை பார்த்த கதிரவன் ஓரம் வெட்டப்பட்ட கதிரவன். தோளுக்குப் பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ வால் மாதிரித் தெரியும், பூவோ தோரணமோ என்று நினைத்திருந்தாள். வெட்டாத ஷீட்டில் முழுசும் இருந்தது. ஆரஞ்சு நிற மீன். கண்ணில் இமைமுடி வைத்து வரைந்த மீன். அதன் வயிற்றில், பால்பேனாவால் கோணல் எழுத்தில், 'மாரி'.

அவள் ஆறு வயதில் கிறுக்கிய எழுத்து. மருந்துப் புகை இழுக்கிற நெபுலைசரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கிறுக்கி, கற்பகவல்லியிடம் குட்டு வாங்கிய எழுத்து. குழந்தைகள் பிரிவில், கடைசி அறைச் சுவரில்.

மெஷின்காரர் திரும்புவதற்குள் அந்த ஷீட்டை உருவி மடித்துப் பாவாடையில் செருகினாள். பசையை மறந்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். மூச்சு இரைத்தது. ஓடக்கூடாது என்று நெஞ்சு சொல்லச் சொல்ல ஓடினாள்.

குழந்தைகள் பிரிவில் நர்ஸ் கற்பகவல்லி ஷீட்டைப் பிரித்துப் பார்த்தாள். உடனே மடித்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"யார்கிட்டயும் காட்டுனியா?"

"இல்லக்கா. கதிரவன் அண்ணன் உயிரோட இருக்காகளா?"

"வியாழக்கிழமை வா. எல்லாரும் சாப்பிடப் போற நேரம். பின்வாசல் வழியா." நர்ஸ் நாலடி போனவள் திரும்பி வந்தாள். "ரெட்டைச்சடை போட்டுட்டு வா. ரிப்பன் வச்சு."

வியாழக்கிழமை காலையில் கடைசி மாத்திரையை விழுங்கிவிட்டு மாரிசெல்வி அம்மாவோடு கிளம்பினாள். மாடத்திதான் சடையை மடித்துக் கட்டிவிட்டாள். "ஏத்தா, இது எங்கன போய் முடியப் போகுதோ" என்று ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரு தடவை சொன்னாள்.

பின்வாசல். மருந்து நெடி அடிக்கும் நடை. கடைசி அறை. கதவில் கண்ணாடி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முயல் காது வைத்த மஞ்சள் முக்காலியில், முழங்கால் இரண்டும் தாடையை முட்ட, ஒரு தடியன் உட்கார்ந்திருந்தான். முகத்தில் கரடிக்குட்டி மூக்கு வைத்த நெபுலைசர் மாஸ்க். மாஸ்க்குக்கு இரண்டு பக்கமும் மீசை பிதுங்கிக்கொண்டிருந்தது. பின்னால் இமைமுடி வைத்த மீன்.

அவன் அவளைப் பார்த்தான். மாஸ்க்கை இறக்கினான்.

"உள்ள வராத தங்கச்சி. அங்கனயே நில்லு. கிருமி."

"நீங்க செத்துட்டீகன்னு நெனச்சேன்."

"ஒப்படைச்ச மறுவாரம் அப்படித்தான் ஆகியிருக்கும். பாலகுரு சார் என்கிட்டயும் பீடி குடிப்பியான்னுதான் கேட்டாரு. அப்புறம் இங்கனயே திரும்பி வந்துட்டேன்."

"காலண்டர் படம்?"

"சேர்மன் வருஷத்துக்கு ஒண்ணு கேக்காரு. இங்கன வச்சுத்தான் எடுப்பாக. வேற எங்க நான் இருக்கேன்?"

"இங்கன உங்க பேரு?"

"ஊர்க்காவலன். வயசு எட்டு." அவன் மீசையைத் தடவினான். "ஆறு வருஷமா எட்டு."

நடையின் கோடியில் செருப்புச் சத்தம் கேட்டது. மாடத்தி மகளை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். வந்தது டாக்டர் ராம்குமார். கையில் மாத்திரை டப்பா. புது டப்பா, சீல் உடைக்காதது.

அவர் மாரிசெல்வியின் ரெட்டைச்சடையைப் பார்த்தார். ரிப்பனைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"பெரியவங்களுக்கு ஒரு வார்டு வேணும்னு சேர்மனுக்கு எழுதினேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "விழாவுக்கு எந்தத் தேதி வசதின்னு கேட்டுப் பதில் வந்தது."

நடையோரமிருந்த கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். சிறுபிள்ளைகளிடம் பேசும் குரலை வரவழைத்துக்கொண்டார்.

"பாப்பா பேர் என்ன?"

மாடத்தி வாயைத் திறந்தாள். மாரிசெல்வி அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, முன்னால் வந்து நின்றாள்.

"பானுப்பிரியா."

"வயசு?"

அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். கதிரவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான், காலண்டரில் இருக்கிற மாதிரியே.

"எட்டு, சார்."

ராம்குமாரின் விரல்கள் நின்றன. அவர் மின்விசிறியைப் பார்க்கவில்லை, இந்தத் தடவை அவளையே பார்த்தார்.

"எட்டு வேண்டாம்மா. ஏழுன்னு போடறேன்" என்றார். "ஒப்படைச்ச ஒன்பது பேரையும் எட்டுன்னுதான் போட்டு வச்சிருக்கேன். சேர்மன் ஆராய்ச்சிக்கே கிளம்பிட்டார்."